எந்த கேஸ், மேடம்?

நான் இரண்டாவது இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருந்தபோது நைனா வயலிலிருந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பல்லை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருத்தணிப் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். பல் என்றதும் பயப்பட வேண்டாம். நைனாவின் பற்கள் அவர் வாயில் பத்திரமாக இருந்தன. இது கியரின் பல். எண்ணெய்ப் பிசுக்கும் சேறுமாக, என் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது.

"இன்னா நைனா இது?"

"உன்னுதுதாம்மா. என் ஆயுசுக்கும் வரும்னு சொல்லித்தானே குடுத்த? நான் இன்னும் கீறேனே."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "துன்னுகினு கீற பொண்ணு முன்னாடி இத்த ஏன் வெக்கிற? அப்பறமா குடுத்தா ஆவாதா?"

நைனா கைகழுவப் போய்விட்டார். அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. அன்றைக்குக் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றாவது இட்லி இறங்கவில்லை. இரண்டோடு எழுந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தனம்மாவின் நாற்று

பள்ளிப்பட்டு ரோட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் நெல்லும் உண்டு. நைனாவிடம் ஒரு டிராக்டர், அதன் பின்னால் மாட்டுகிற ரோட்டவேட்டர். வரிசையாகக் கத்திகள் சுழன்று மண்ணையும் தண்ணீரையும் கலக்கிச் சேறாக்கும் கருவி அது. எங்கள் வயலை முடித்ததும் ஊரில் கேட்பவர்களுக்கும் ஓட்டுவார். அதன் பக்கவாட்டுப் பெட்டிக்கு நான் என் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கியரின் பல்தான் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

உடைந்தது எங்கள் வயலில் என்றால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன். உடைந்தது தனம்மாவின் வயலில்.

தனம்மா அதுவரை ஊரார் வயலிலெல்லாம் நாற்று நட்டவர். நடவுக்கு ஆள் சேர்ப்பதும் வரிசை பிடிப்பதும் அவர்தான். அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். விதை அவருடையது, நாற்றங்கால் அவருடையது. சின்னத் துண்டு, அதுவும் உள்ளே தள்ளி இருக்கிறது என்பதால் வண்டி வைத்திருந்தவர்கள் யாரும் வரச் சம்மதிக்கவில்லை. நைனா மட்டும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

தொழிற்சாலைக்குக் கிளம்பும் முன் ஸ்கூட்டரை வயல் பக்கம் திருப்பினேன். (போன வாரம் இதே பக்கத்தில் நான் ஸ்கூட்டர் பழகிய கதையைப் படித்தவர்கள், அன்றைக்கு வரப்பில் நான் விழுந்தேனா என்று கேட்டு எழுத வேண்டாம். விழுந்தேன்.) பாதி வயல் குழைந்து மினுங்கியது. மறுபாதி கட்டிகட்டியாகத் தண்ணீருக்குள் கிடந்தது. நடுவில் டிராக்டர் நின்றது.

"வா கீதா. பாத்தியா என் பொழப்ப?" என்றார் தனம்மா. "எந்த வெளங்காதவன் செஞ்சானோ இந்தப் பல்ல. அவன் கையில குஷ்டம் வர."

எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்த நைனா தூரத்தில் இருந்த பனைமரத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"வெளங்காதவதான்க்கா," என்றேன். ஆணா பெண்ணா என்பதையாவது சரியாகச் சொல்லிவிடலாம் என்றுதான். தனம்மாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் நாற்றங்காலில் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, நகத்தால் தண்டைக் கீறிக் காட்டினார்.

"இன்னும் மூணு நாளு தாங்கும். அப்பறம் இங்கியே முத்திப்போயி கணு வுட்டுடும். அத்த நட்டு இன்னா பிரயோஜனம்? மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்."

அவர் குரலில் அழுகை இல்லை. டவுனில் இருக்கும் உதிரிபாகக் கடையில் நைனா ஏற்கெனவே கேட்டுவிட்டார். அந்த கியர் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம், ஒரு வாரம் ஆகுமாம்.

"உங்க கம்பெனில இதே மாதிரி இன்னும் கீதில்ல? ஒண்ணு எடுத்தாம்மா. மாட்டிக்கலாம்," என்றார் நைனா.

ஆங் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அதே உலையில், அதே நாளில் வெந்த இன்னொரு கியரும் அதே மாதிரி உடைந்தால்? முதலில் இது ஏன் உடைந்தது என்று தெரிய வேண்டும். பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

பெண் பார்க்க வந்தவர்களும் சிலிண்டரும்

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதை என் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டுக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.

உலோகவியல் படித்துவிட்டு, அரக்கோணம் ரோட்டில் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். விவசாயக் கருவிகளுக்கு மாற்று கியர் செய்கிற இடம். அதில் உலைப் பகுதிக்கு நான் பொறுப்பு. கியரை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, எரிவாயுவை உள்ளே விட்டால், அந்த வாயுவில் இருக்கும் கரி எஃகின் மேல்தோலுக்குள் மெல்ல இறங்கும். பிறகு எண்ணெயில் முக்கினால் கரி ஏறிய தோல் கல்லாக இறுகும். உள்பக்கம் அவ்வளவு இறுகாமல், அடி தாங்குகிற பதத்தில் இருக்கும். இந்த இறுகிய தோலுக்கு எங்கள் தொழிலில் கேஸ் என்று பெயர்.

சிக்கல் இங்கேதான். உள்ளே விடுகிற வாயுவும் எங்கள் வாயில் கேஸ்தான்.

இந்த வார்த்தையால் எனக்கு வந்த ஒரு வரன் போனது. ஆர்.கே.பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், விசைத்தறி வைத்திருந்தார்கள். பெண் எங்கே வேலை செய்கிறது என்று கேட்டதற்கு அம்மா பெருமையாக, "கேஸ் கம்பெனிலங்க," என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்டீங்களா! எங்களுக்கு சிலிண்டர் சொன்னா வரவே மாட்டேங்குதுங்க. கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன்."

பஜ்ஜித் தட்டோடு நின்ற நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அந்த கேஸ் இல்லீங்க. நான் பாக்கறது வேற கேஸு," என்றேன். உடனே மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. "வக்கீலா? கோர்ட்டுக்கெல்லாம் போவியாம்மா?"

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. அவர்களுக்கு சிலிண்டரும் கிடைத்திருக்காது. இவ்வளவு நடந்த பிறகும் அந்த வார்த்தை விவகாரமானது என்று எனக்கு உறைக்கவில்லை. உலோகங்களைப் பற்றி நான்கு வருஷம் படித்தவள், சொற்களைப் பற்றி நான்கு நாள் படித்திருக்கலாம்.

வெள்ளை வலை

தொழிற்சாலைக்குப் போனதும் பல்லைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உடைந்த முகத்தில், பல்லின் அடி ஓரமாக ஒரு சின்ன இடம் வழுவழுவென்று இருந்தது. மீதி எல்லாம் சொரசொரப்பு. அதாவது ஓரத்தில் ஒரு கீறல் விழுந்து, சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, கடைசியில் ஒரே போடாகப் போயிருக்கிறது.

கியர் பல் பெரும்பாலும் முதல் அடியில் உடைவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப் பல் அதைத் துளி வளைத்துவிட்டுப் போகிறது. வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, எஃகும் களைத்துப்போகிறது. அடியில் ஏதாவது ஓர் இடத்தில் கீறல் வாய் திறக்கிறது.

அதைத் தடுப்பதுதான் அந்தத் தோலின் வேலை. எண்ணெயில் முக்கும்போது உள்பக்கம் முதலில் விரிந்து முடிந்துவிடும். கரி ஏறிய தோல் கடைசியில்தான் விரியப் பார்க்கும். அப்போது அதற்கு இடம் இருக்காது. முகூர்த்த நாளில் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் நிற்பவர்களைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கடியில் கீறல் வாயைத் திறக்க முடியாது. ஒழுங்காகக் கரி ஏற்றிய கியர் அதனால்தான் அதிக நாள் உழைக்கிறது.

அப்படியானால் இது ஏன் உழைக்கவில்லை? பல்லை அறுத்து, தேய்த்து, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன்.

தோல் முழுக்க ஒரு வெள்ளை வலை படர்ந்திருந்தது. கரி தேவைக்கு மேல் ஏறினால் இப்படி ஆகும். எஃகு மணிமணியாகச் சேர்ந்ததுதான். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் மிச்சக் கரி, கண்ணாடி போல உடையக்கூடிய ஒரு பொருளாகப் படிந்துவிடும். கீறலுக்கு அதைவிட நல்ல பாதை வேண்டாம். மேலே கடினம் பார்த்தால் பிரமாதமாகக் காட்டும். நானும் கடினம் மட்டும்தான் பார்த்திருந்தேன். பளபளவென்று இருந்த புதுக் கியரை அறுத்துப் பார்க்க மனசு வரவில்லை. அந்த மனசை வைத்துக்கொண்டு நான் மிட்டாய்க் கடை நடத்தியிருக்கலாம்.

சரி, கரி எப்படி இவ்வளவு ஏறியது? உலையைப் பார்த்துக்கொண்ட முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். அதுதான் வினையாக முடிந்தது.

ஆடிக் கிருத்திகையில் ஒரு போன்

"முனிரத்தினம், இந்த லாட்டுக்கு கேஸ் எவ்ளோ வுட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம். ஏத்தி வுட்டேன்."

"நான் எப்ப கேஸ் ஏத்தச் சொன்னேன்?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? கிருத்திகை அன்னிக்கு, போன்ல."

ஞாபகம் வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு அம்மா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள், என் கல்யாண விஷயமாகத்தான். திருத்தணி மலைப்படியில் நின்றுகொண்டிருந்தோம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் துணி, பூக்காவடி, பம்பைச் சத்தம், அரோகரா. அந்தக் கூட்டத்தில்தான் முனிரத்தினத்தின் போன் வந்தது. புதிய கியர்கள் உலைக்குப் போகின்றன, முந்தைய மாதிரியே செய்யலாமா என்று கேட்டார்.

முந்தைய லாட்டில், அதாவது அதற்கு முன் சேர்ந்து வெந்த கியர்களில், தோல் மெல்லிசாகிப் போய், பல்லின் முகம் நசுங்கி உரிந்துவிட்டது என்று புகார் வந்திருந்தது. தோலின் ஆழம் கூட வேண்டும். அதனால் நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்: "கேஸ் பத்தல! இந்த வாட்டி கேஸை நல்லா ஏத்திடுங்க! எங்க நைனா வண்டிக்கும் ஒண்ணு அதுலதான் எடுக்கப்போறேன், தாராளமா ஏத்துங்க!"

பக்கத்தில் மொட்டைத் தலையோடு நின்ற ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தார். "கேஸெல்லாம் வாணாம்மா. முருகன் பாத்துக்குவான், வுட்டுடு," என்றார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வந்ததை நினைத்துச் சிரித்தவளுக்கு, மூன்றாவது அர்த்தம் போனின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை.

தொழிற்சாலைக்குள் இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. காரணம், நாங்கள் கையால் பேசினோம். தோலைச் சொல்லும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மயிரிழை இடைவெளியில் காட்டுவோம். வாயுவைச் சொல்லும்போது குழாயைத் திருகுவது போலக் காட்டுவோம். உலைச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது என்பதால் வந்த பழக்கம். மலைப்படியில் நின்றும் நான் இரண்டு விரலைத்தான் காட்டியிருக்கிறேன். போனில் காட்டியிருக்கிறேன்.

நான் இப்போது முனிரத்தினத்துக்கு இரண்டு விரலைக் காட்டினேன். "நான் சொன்னது இந்த கேஸ்."

அவர் தன் கையைப் பார்த்தார். அது தானாகவே குழாயைத் திருகிக்கொண்டிருந்தது. "நான் ஏத்தினது இந்த கேஸ்."

அவசரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேடம், இத்த வெளிய சொல்லாதீங்க. ரெண்டு பேரு மானமும் பூடும்."

முதலாளியிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அந்த லாட்டில் ஒன்றுகூட வெளியே போகக் கூடாதே. போய்ச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, "இனிமே அத்த தோல்னு சொல்லித் தொலைங்க," என்றார். இன்றைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அது தோல்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் செருப்புக் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள்.

குறைத்ததால் ஏறியது

இப்போது தனம்மாவுக்கு ஒரு கியர் வேண்டும். நாற்று காத்திருக்காது.

கெட்டுப்போன கியர்களை மறுபடி உலையில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாயுவைக் குறைத்து, அதே சூட்டில் வைத்திருந்தால், வலையாகப் படிந்த கரி கரையும். மேலே மிஞ்சியதில் கொஞ்சம் வெளியே போகும், கொஞ்சம் உள்ளே இறங்கும். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்த ஆளின் லட்சணம்தான் மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிட்டதே.

"இந்த வாட்டி போனு கீனு வாணாம்," என்று முனிரத்தினம் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து உலைக்கு எதிரில் போட்டார். நாள் முழுக்க அதில் உட்கார்ந்திருந்தேன். புரட்டாசி வெயில் ஒரு பக்கம், உலை ஒரு பக்கம். அவர் குழாயில் கைவைக்கும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்ப்பார். நான் குழாயைத் திருகுவது போலக் காட்டுவேன். அவரும் காட்டுவார். பிறகுதான் திருகுவார். இரண்டு ஊமைகள் உலை நடத்தியது போல இருந்திருக்கும்.

கியர்களை எண்ணெயில் முக்கி, இளஞ்சூட்டில் வைத்து எடுத்ததும் முதல் வேலையாக ஒன்றை அறுத்தேன். இந்தத் தடவை மனசைக் கேட்கவில்லை. வெள்ளை வலை கரைந்துபோயிருந்தது. தோல் எவ்வளவு ஆழம் என்று அளந்து பார்த்தேன். முன்பு இருந்ததைவிட ஆழம் கூடியிருந்தது. நான் ஆடிக் கிருத்திகை அன்றைக்குக் கத்திக் கேட்டேனே, அதே ஆழம். கேஸைக் குறைத்ததால் கேஸ் ஏறிவிட்டது. முனிரத்தினத்திடம் சொன்னேன். "வேணாம் மேடம், மறுபடி ஆரம்பிக்காதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வரப்பில்

மறுநாள் நைனா கியரை மாட்டினார். மாட்டும் முன் அதைக் கையில் வைத்து எடை பார்ப்பது போல ஆட்டினார். "இது எவ்ளோ நாளுக்கும்மா?" என்று கேட்டார்.

"தெரியாது நைனா."

"ஆங். அப்ப நம்பலாம்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரோட்டவேட்டர் ஓட ஆரம்பித்தது. தனம்மா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்றங்காலில் நாற்று லேசாக மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. முதல் சுற்று நன்றாகப் போனதற்கு அவர் சந்தோஷப்பட்டார். என்னால் முடியவில்லை. முதல் சுற்று எதையும் சொல்லாது என்று தெரிந்தவள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான். படித்ததால் எனக்குக் கிடைத்த ஒரே பலன், மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் பயந்ததுதான்.

கடைசி மூலைக்கு வண்டி போனது. திரும்பியது. சட்டென்று சத்தம் நின்றது.

நான் ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வரப்பிலிருந்து சேற்றுக்குள் இறங்கி, "நைனா, பல்லா? பல்லா நைனா?" என்று கத்திக்கொண்டு போய், நடு வயலில் முழங்கால் வரை புதைந்து, முன்பக்கமாக விழுந்தேன்.

நைனா வண்டியிலிருந்து என்னைப் பார்த்தார். "முடிஞ்சிடுச்சிம்மா. அதான் நிறுத்தினேன்."

தனம்மா சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கைகொடுத்துத் தூக்கிவிட்டார். ஒரு காலின் செருப்பு கிடைக்கவே இல்லை. "இவ்ளோ ஆசை கீதுன்னா நாளிக்கு வா. உனக்கு ஒரு மூலை தர்றேன், நடு," என்றார். நைனா அப்போதுதான், "தனம்மா, அந்த வெளங்காத பல்லு செஞ்சது நம்ம பொண்ணுதான்," என்றார். தனம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். என் முகமெல்லாம் சேறு.

"அப்டியா? சரி, நாளிக்கு நேரத்தோட வா," என்றார்.

போனேன். விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். ஒரு மூலையைக் கொடுத்தார்கள். நான் ஒரு வரிசை நடுவதற்குள் மற்றவர்கள் பாதி வயலை முடித்திருந்தார்கள். என் வரிசை பள்ளிப்பட்டு ரோடு போல வளைந்து வளைந்து போனது.

அதற்கு அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். நான் நட்ட மூலையில் மட்டும் நாற்று பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் மிதந்தது. தனம்மா குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி ஊன்றிக்கொண்டிருந்தார். மீதி வயல் முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அத்தனை நாற்றும் நின்றது. ரோட்டோரமாக நின்று நான் அழுதுவிட்டேன்.